வேட்டிக்கு மேல் ஒரு கோட்டு

நீலகிரியில் ஆண்கள் உடுத்துவதைப் பற்றிப் பேசினால் வேட்டிக்கு மேல் போடும் கோட்டில்தான் தொடங்க வேண்டும். காலையில் குன்னூர் மார்க்கெட்டிலோ கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலோ கொஞ்ச நேரம் நின்றால் போதும். வெள்ளை வேட்டி, சட்டை, அதன் மேல் சாம்பலோ பழுப்போ ஒரு கோட்டு, கழுத்தில் மப்ளர், தலையில் முண்டாசு. படுகர் ஊர்ப் பெரியவரும் எஸ்டேட் தொழிலாளியும் காய்கறி மண்டிக்காரரும் இந்தக் கோலத்தில்தான் இருப்பார்கள். சமவெளியில் வக்கீலும் கல்யாண மாப்பிள்ளையும் போடுகிற கோட்டை இங்கே மண்வெட்டி பிடிக்கிறவரும் போடுவார். குளிர் அப்படி.

அந்தக் கோட்டுகளில் பெரும்பாலானவை வேறு யாருடைய உடம்புக்கோ தைத்தவை. மூட்டையாக வந்து நடைபாதையில் குவிகிற பழைய கோட்டுகள். தோள் தொங்கும், கை விரல் நுனி வரைக்கும் வரும், பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருக்கும். என் அப்பாவின் கோட்டும் அப்படி வந்ததுதான். உள்பையில் ஏதோ ஒரு தேசத்துத் தையற்கடையின் பட்டை ஒட்டியிருந்தது. அந்த எழுத்தை எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

அப்பா பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கத்து ஒரு தோட்டத்து லயத்தில். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய டேன்டீ தோட்டத்தில் சேர்ந்தார். அவர் சின்ன வயதில் பார்த்த தோட்டத்தில் கோட்டு போட்டவர்கள் இரண்டே பேர். துரை கால்சட்டையோடு போட்டார், பெரிய கங்காணி வேட்டியோடு போட்டார். கொழுந்து எடுத்தவர்களுக்கும் கவ்வாத்து வெட்டியவர்களுக்கும் கறுப்புக் கம்பளிதான். மழைக்கு அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், குளிருக்குப் போர்த்துவார்கள், ராத்திரி அதிலேயே படுப்பார்கள். இங்கே வந்த பிறகு நடைபாதையில் கோட்டு வாங்கிப் போட்ட நாளை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அது தன் அளவு இல்லை என்பதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அளவு எடுத்துத் தைத்த கோட்டு என்ற ஒன்று தனக்கும் உண்டு என்று அவர் நினைத்ததே இல்லை.

நான் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குப் போனேன். வெளிநாட்டு ஆண்களின் சட்டைத்துணிதான் அங்கே முக்கியச் சரக்கு. ஆயிரக்கணக்கான மீட்டர் ஓட்டுவதற்கு முன்னால் கட்டமும் கோடும் எப்படி விழும் என்று பார்க்க ஒரு சின்னத் தறியில் முழ நீளம் நெய்து அனுப்புவார்கள். அதற்குச் சாம்பிள் தறி என்று பெயர். மேசை மேல் வைக்கலாம், மிதி கிடையாது, நான்கு விழுதுச் சட்டங்களையும் கைப்பிடியை இழுத்துத் தூக்க வேண்டும். நூறு பவர்லூம்கள் இரைந்துகொண்டிருந்த அந்த இடத்தில் எல்லாத் துணியும் முதலில் பிறந்தது அந்த மரச்சட்டத்தில்தான். என் சாப்பாட்டு நேரமெல்லாம் அதன் முன்னால் போனது. மனத்துக்குள் அப்போதே ஒரு கணக்கு ஓடியது. வெளிநாட்டுக்காரன் சட்டைக்கு இதில் மாதிரி நெய்யலாம் என்றால், என் அப்பாவின் கோட்டுக்கு இதிலேயே துணி நெய்யலாம்.

மலையில் நெசவு கிடையாது என்பது அப்போதே எனக்குத் தெரிந்த விஷயம். பழைய நீலகிரியில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. தோடர் எருமைப்பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் செய்தார்கள், சாவுக்கும் சடங்குக்கும் இசை வாசித்தார்கள். படுகர் தானியம் விளைவித்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் கொண்டுவந்தார்கள். அந்த வட்டத்தில் நெசவாளர் மட்டும் இல்லை. பருத்தி விளையாத உயரம், துணி கீழே இருந்து ஏறித்தான் வர வேண்டும். ஊரே பார்க்க வந்து போகும் தோடரின் பூத்துக்குளிப் போர்வையும் அப்படித்தான். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி சமவெளித் தறியில் சிவப்பும் கறுப்புமான பட்டைகளோடு நெய்யப்பட்டு மேலே வரும். தோடப் பெண்கள் அதன் இழைகளை எண்ணி எண்ணி, வரைந்துகொள்ளாமல், சட்டத்தில் மாட்டாமல், ஊசி போடுவார்கள். அந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளிக்கூட நாளில் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் மொற்பர்த் பண்டிகைக்குக் கூடிய தோட ஆண்களைப் பார்த்தேன். பெரியவர்களும் பையன்களும் பூத்துக்குளியைத் தோள் வழியாகப் போட்டுக்கொண்டு புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெட்டாத, தைக்காத துணி ஒன்று ஓர் ஆணின் உடம்பில் அத்தனை கம்பீரமாக நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கைத்தறி என்றால் புடவை என்று ஆகிவிட்டது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆண்களுக்கு வேட்டி, லுங்கி, துண்டோடு முடித்துவிடுகிறோம். 1985-ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று போகிற அந்த வரிசையில் கம்பளி ட்வீடும் இருக்கிறது. கோட்டுத்துணி நெய்வதும் கைத்தறிக்காரனின் உரிமை என்று சட்டமே சொல்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டது வடக்கே, இமாச்சலத்துக் குலுப் பக்கத்தில். அங்கே ஆட்டுக்கம்பளியைக் குறுகலான பட்டியாக நெய்து ஆண்களுக்குக் கோட்டு தைப்பது வீட்டு வழக்கம்.

கம்பளி நம் மலையிலும் உண்டு, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நீலகிரி ஆடு என்றே ஓர் இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்து வெள்ளைக்காரர்கள் உருவாக்கியது. தென்னாட்டு ஆடுகளில் மெல்லிய கம்பளி தருவது இதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறது. மெரினோவையும் ரம்பூயேவையும் மறுபடி சேர்த்து சாண்டினோ என்ற கலப்பையும் அங்கே உண்டாக்கினார்கள். நான் சாண்டிநல்லா போகும்போதெல்லாம் வேலியோரம் நின்று அந்த ஆடுகளின் முதுகைத்தான் பார்ப்பேன். மேலே அழுக்கு படிந்த சாம்பல் நிறம், விலக்கிப் பார்த்தால் உள்ளே வெண்ணெய் வெள்ளை. எனக்குக் கம்பளி கொடுத்தது ஆடு வளர்க்கிற ஒரு வீடு. கத்தரித்ததைச் சாக்கில் அடைத்துக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். அதை வாங்க ஆளே வருவதில்லை என்றார்கள்.

நெசவைக் கற்கச் சிறுமுகைக்குப் போனேன். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் பவானி ஆற்றோரம் இருக்கிற நெசவாளர் ஊர். பட்டுத்தறியில் வாழ்க்கையைக் கழித்த ஒரு பெரியவர் என்னை ஏற்றுக்கொண்டார். கம்பளி அவர் கைபடாத சரக்கு. நான் கொண்டுபோன இரண்டு நூல்களையும் வாங்கி, பருத்தி இழையை நாக்கில் நனைத்து இழுத்துப் பார்த்தார், தாங்கியது. கம்பளி இழையை அதே மாதிரி நனைத்து இழுத்தார், பட்டென்று போனது.

“ஏனுங் தம்பி, உங்க ஊர்ல எந்நேரமும் மூடுபனிதானுங்களே?”

“ஆமாங்க அய்யா.”

“அப்படின்னா கம்பளியைப் பாவா போடாதீங்க. பாவு எந்நேரமும் விறைப்பா நிக்கோணும், விழுதுல உரசோணும். ஈரத்துல பருத்திக்கு உறுதி கூடும், இதுக்குக் குறையும். பருத்தியைப் பாவு போட்டுக் கம்பளியை ஊடையா உடுங்க.”

எத்தனையோ புத்தகம் புரட்டியும் தெளியாத ஒன்றை நாக்கில் நனைத்துச் சொல்லிவிட்டார். நீளவாக்கில் ஓடும் பாவுக்குக் கோயம்புத்தூர் மில் பருத்தி, குறுக்கே ஓடும் ஊடைக்கு நீலகிரிக் கம்பளி என்று அந்தத் திண்ணையிலேயே முடிவானது. தறியையும் அவர் பார்த்துக் கொடுத்த தச்சர்தான் செய்தார். 24 அங்குல அகலம், நான்கு சட்டம். அதற்கு மேல் போனால் எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. குழித்தறியை நினைத்தே பார்க்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில் குன்னூரில் தரையே ஈரம் கசியும், குழி வெட்டினால் ஊற்றாகிவிடும்.

நூற்றதுதான் நீண்ட வேலை. கம்பளியை வெந்நீரில் அமுக்கி எடுத்தால் கொழுப்பும் புழுதியும் போய் எடையில் நல்ல பங்கு குறைந்துவிடும். பிறகு காயவைத்து, சிக்கெடுத்து, பட்டை பட்டையாக்கி ராட்டையில் இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் தக்களியில் நூற்ற தலைமுறை. அவர் விரல் அதை மறக்கவில்லை. பருத்தி இழை சின்னது, முறுக்கு நிறைய வேண்டும். கம்பளி இழை நீளம், முறுக்கு கூடினால் கயிறாகி முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று ராட்டைச் சுற்றுக்குள் அவர் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டார். எனக்கு அது வர ஒரு மழைக்காலம் ஆனது.

நிறம் தேடி வெளியே போகவில்லை. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து அதில் கம்பளியை ஊறவைத்தால் அழகான பழுப்பு ஏறும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் அதே பழுப்பு கரும்சாம்பலாக மாறும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரும்பு கூடினால் கம்பளி சொரசொரத்துப் போகும், அதனால் அளவாகத்தான் விட வேண்டும். ஆயுள் முழுக்கத் தேயிலைக் கம்பெனியில் வாட்டலும் உருட்டலும் பார்த்த அப்பா, அடுப்படியில் பானையைப் பார்த்துவிட்டு, “சாயம் இறங்கிடுச்சு, இன்னும் வேகவிட்டா கசப்பாயிரும்” என்றார். குடிக்கிற தேநீருக்குச் சொல்கிற பேச்சுதான். அவர் சொன்ன நேரத்தில்தான் இறக்கினேன், நிறம் சரியாக வந்திருந்தது.

பாவு விவரத்தைச் சொல்கிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். இருபதாம் நெம்பர் இரட்டைப் பருத்தி நூல், அங்குலத்துக்கு 20 இழை, 24 அங்குலத்துக்கு 480 இழை. ஒவ்வொன்றையும் விழுதுக் கண்ணில் கோத்து, அச்சுப் பல்லில் இழுத்து, முன்கட்டையில் முடிய வேண்டும். இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் என்று ஊடை ஓடும் சாய்வு நெசவு, குறிப்பிட்ட இழைக்கு ஒரு தரம் கோப்பைத் திருப்பிவிட்டால் துணியில் மீன்முள் விழும். கோட்டுக்கு 6 மீட்டர் வேண்டும் என்று தையற்காரர் கணக்கு சொல்லியிருந்தார். அங்குலத்துக்கு 14 ஊடை என்றால் நாடா மூவாயிரத்து முந்நூறு தடவை போய் வர வேண்டும், ஊடைக்கு மட்டும் இரண்டு கிலோமீட்டர் நூல். சொல்லும்போது மலைப்பாக இருக்கும். தறியில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஊடை மட்டும்தான் கண்ணில் இருக்கும். பிடியை இழு, வாய் திறக்கும், நாடாவைத் தள்ளு, அச்சை அடி. கம்பளியை அடிப்பதில் ஒரு நிதானம் உண்டு. இறுக்கி அடித்தால் துணி பலகையாகும், கோட்டு வளையாது. கொஞ்சம் இளக்கமாக விட்டு, மீதியைத் தண்ணீரிடம் விட வேண்டும்.

அந்தத் தண்ணீர் வேலையைப் போல என்னை மகிழ்வித்தது வேறில்லை. தறியிலிருந்து இறக்கிய துணி வலை மாதிரி கண்ணுக்குக் கண் தெரிந்தது. இது கோட்டாகுமா என்று அம்மா தூக்கிப் பார்த்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, பெரிய குண்டாவில் மாற்றி மாற்றிக் காலால் மிதித்தோம். கொஞ்ச நேரத்தில் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கண்கள் அடைபட ஆரம்பித்தன. ஊடை மட்டுமே கம்பளி என்பதால் நீளம் ஏறக்குறைய அப்படியே நின்றது, அகலம் மட்டும் சுருங்கியது. 24 அங்குலத்தில் போட்ட பாவு இருபதரை அங்குலத் துணியாகக் காய்ந்தது. கையில் எடுத்தால் கனம், கன்னத்தில் வைத்தால் சூடு, ஊதினால் காற்று மெல்லத்தான் மறுபக்கம் போகிறது.

இருபதரை அங்குலத் துணியில் ஆணுக்கு எப்படிக் கோட்டு வெட்டுவது? கடைத் துணி 58 அங்குலத்துக்கு வருகிற காலம் இது. குன்னூரில் எனக்குத் தெரிந்த டெய்லர் பாய், வெலிங்டன் கன்டோன்மென்டில் ராணுவ அதிகாரிகளுக்குக் கோட்டு தைத்துப் பழகிய குடும்பத்துக்காரர். துணியை மேசையில் விரித்து ரொம்ப நேரம் கை வைத்தபடி நின்றார். “அகலத்தைப் பார்க்காதே தம்பி. கோட்டுல எந்தத் துண்டு இருபது அங்குலம் இருக்கு, சொல்லு” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதுகு நடுவில் தையலோடு இரண்டு பாதி, ஒவ்வொன்றும் பதினோரு அங்குலத்துக்குப் பக்கம். முன்பக்கம் பதிமூன்று. கை இரண்டு துண்டு, மேல்கை ஒன்பது, கீழ்கை ஏழு. முன்பக்கத் துண்டுக்குப் பக்கத்தில் மிச்சமாகிற அகலத்தில் கீழ்கை கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்கிற ஹாரிஸ் ட்வீடும் நெடுங்காலம் முப்பது அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட ஒற்றை அகலமாகத்தான் வந்தது, உலகத்தின் பேர்போன தையற்காரர்கள் அதில்தான் வெட்டினார்கள். தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் என்று பிரிட்டனில் 1993-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் அகலம் போதாது என்று சின்னத் தறியை ஒதுக்குவதைக் கேட்கும்போதெல்லாம் பாயின் மேசையைத்தான் நினைப்பேன். ஆணின் கோட்டு தொடக்கத்திலிருந்தே குறுகிய துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிற உடை, சின்னத் தறிக்காகவே பிறந்தது என்று சொல்வேன்.

பாய் அப்பாவை நிற்கவைத்து அளவெடுத்தார். அப்பாவுக்கு வலது தோள் இடதை விடக் கொஞ்சம் இறக்கம், கொழுந்து மூட்டை சுமந்த தோள். பாய் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டில் இரண்டு அளவு எழுதிக்கொண்டார். கைத்தலைப்பைத் தோளில் ஏற்றும்போது வளைவில் துணி சுருங்கிக் கொடுக்க வேண்டும், பருத்திக் கோட்டில் அது நடக்காது. இங்கே குறுக்கே ஓடுவது கம்பளி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்த அழுத்த வளைவு தானாக அமர்ந்தது. பாய் அதைப் பார்த்த பார்வையில், துணி தேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா போட்டுப் பார்த்த அன்றைக்கு நான் எதிர்பார்த்த எதையும் அவர் பேசவில்லை. கையை மடக்கி நீட்டினார், முட்டி பிடிக்கிறதா என்று பார்த்தார். உள்பை எங்கே என்று கேட்டார், பாஸ் புத்தகம் வைக்க வேண்டுமாம். வேட்டியோடு போட்டுக்கொண்டு வெளியே போனவர் நேராக டீக்கடைக்குப் போய், சேக்காளிகள் நடுவில் உட்கார்ந்து, “தம்பி நெஞ்சது” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து விலை கேட்டார்கள்.

அந்த விலையில்தான் இன்னும் நிற்கிறேன். நூற்பவருக்கும் நெய்பவருக்கும் தைப்பவருக்கும் ஞாயமான கூலி போட்டால், நடைபாதைக் கோட்டு வாங்குகிறவரால் அந்தக் கோட்டை வாங்க முடியாது. ஊட்டி ஹோட்டலில் தங்க வருகிறவர் வாங்குவார். ஆனால் நான் நெய்ய ஆரம்பித்தது அவருக்காக இல்லை. கூலியைக் குறைக்கவும் மாட்டேன், டீச்சரம்மாவின் விரலுக்கு விலை குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனவே கோட்டை விட்டுவிட்டு, கை இல்லாத அரைக்கோட்டுக்கு இறங்கியிருக்கிறோம். முன்பக்கமும் முதுகும் மட்டும், 2 மீட்டர் போதும், மூன்றில் ஒரு பங்கு நூல். வேட்டி சட்டைக்கு மேல் மார்பும் முதுகும் மூடினால் மலைக்குளிரில் பாதி வேலை முடிந்தது. கல்லூரிக்குப் போகிற பையன்கள் அதையே ஜீன்ஸ் மேல் கேட்கிறார்கள், அவர்களுக்கு மீன்முள் வேண்டாமாம், வெறும் சாய்வு போதுமாம்.

அடுத்த பாவுக்கு 30 அங்குலத் தறி போடு, முதுகை ஒரே துண்டாக வெட்டலாம் என்று பாய் நச்சரிக்கிறார். வைக்க இடம் கொடுத்தால் போடுகிறேன் என்று அவர் கடையின் பின்னறையைக் கேட்டிருக்கிறேன். ஆடு வளர்க்கிற வீட்டில் இந்தத் தடவை கத்தரிக்கும்போது தோளும் விலாவும் ஒரு சாக்கு, வயிறும் காலும் ஒரு சாக்கு என்று பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் சாக்கு ஊடைக்கு. இரண்டாவதைக் கோட்டு மார்பின் உள்பக்கத்தில் வைக்கலாமா என்று பாய் ஒரு பிடி கேட்டிருக்கிறார்.